வாசகர் கேள்வி–பதில்: லெட் செப்பெலின் இசைத்தட்டுகள்

‘ஸ்டேர்வே டு ஹெவன்’ கடைசி இரண்டு நிமிடம் கரகரக்கிறது. தட்டு புதிது, ஊசிக்கும் ஆறு மாதம்தான் ஆகிறது. மற்ற பாட்டெல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. கடையில் மாற்றிக் கேட்கலாமா?
— கே.எஸ்., மதுரை

கொஞ்சம் பொறுங்கள். பழி பெரும்பாலும் தட்டின் மேல் இருக்காது. அந்தப் பாட்டு உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலினின், 1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதுதான் கடைசிப் பாட்டு. எட்டு நிமிடம் ஓடுகிறது. ஊசி லேபிளை நெருங்க நெருங்கத்தான் சத்தமும் ஏறுகிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது, வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. தடம் ஊசிக்கடியில் ஓடும். லேபிள் பக்கம் வந்தால் 21 செ.மீ.தான். ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்தாக வேண்டும். உச்ச ஒலிகளின் வளைவுகள் நெருக்கியடித்துக்கொள்ளும். முனை தடித்த ஊசி அவற்றுக்குள் இறங்க முடியாமல் மேலோடு உரசிப் போகும். அதுதான் உங்கள் கரகரப்பு. கிடாரும் குரலும் உச்சத்தில் கத்துகிற கட்டம் தட்டின் மிக மோசமான இடத்தில் விழுந்திருக்கிறது.

முதலில் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டியிருக்கும் சிறு பெட்டி, நேராக இருக்கிறதா பாருங்கள். அளவுத்தாள் ஒன்றை அச்செடுத்து நடுமுளையில் மாட்டி, ஊசிமுனையை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரு புள்ளிகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு கோட்டோடு இணையாக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்டு சற்றுக் கோணலாக வருவதுண்டு. திருகுகள் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும், திரும்பவும் பாருங்கள்.

அடுத்தது எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் பாரம். கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிகா வி.எம்.95.ஈ என்றால் 2 கிராம். தட்டு தேயக்கூடாது என்று 1.5க்குக் குறைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள்: பாரம் போதாத ஊசி தடத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் செதுக்கிவிடும். கரகரப்பு வலது ஸ்பீக்கரில் மட்டும் என்றால் ஆன்டி ஸ்கேட்டிங்கை (ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) சற்றுக் கூட்டுங்கள். இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், அதே உடலில் எம்.எல். வகை ஊசியை மட்டும் வாங்கி மாட்டலாம். அதன் முனை மெல்லியது, உள்வட்டத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். அதற்கப்புறமும் அதே இடத்தில் கரகரத்தால் தட்டை மாற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது ஆல்பத்தின் ‘ஹாட் மிக்ஸ்’ தட்டு என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். எப்படி நம்புவது?
— டி.வி., டொரண்டோ

அட்டையைப் பார்க்காதீர்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். 1969 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் வெளியிட்ட தட்டு அது, எண் எஸ்.டி. 8236. அதன் முதல் வெட்டை, அதாவது அச்சடிப்பதற்கான மூலத்தட்டில் தடம் கீறும் வேலையை, செய்தவர் ராபர்ட் லட்விக். வேலை செய்தது ஸ்டெர்லிங் சவுண்ட் என்ற ஸ்டுடியோவில். அதனால் ‘ஆர்.எல்.’, ‘எஸ்.எஸ்.’ என்று கையால் கீறிய ஆங்கில எழுத்துகள் அந்த வளையத்தில் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இரண்டு பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத தட்டுகளும் சந்தையில் உண்டு; அவற்றுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். விற்பவரிடம் இரு வளையங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

‘ஹாட் மிக்ஸ்’ என்ற பெயரே தப்பு. மிக்ஸ் ஒன்றுதான், வெட்டியதில்தான் வித்தியாசம். லட்விக் பேஸை (தாழ்ந்த ஒலிகளை) குறைக்காமல், சத்தத்தையும் தாராளமாக ஏற்றி வெட்டினார். பேஸ் ஏறினால் தடம் பக்கவாட்டில் அகலமாக ஆடும், மலிவான பிளேயரின் கை அதோடு ஈடுகொடுக்க முடியாமல் எகிறிவிடும். அட்லாண்டிக் தலைவர் அகமது எர்டிகனின் மகளுடைய பிளேயரில் தட்டு குதித்தது, அதற்காகவே மறுபடி அடக்கி வெட்டினார்கள் என்று லட்விக்கே சொல்லியிருக்கிறார். ‘ஹோல் லாட்டா லவ்’ கேட்டால் இரண்டுக்கும் உள்ள தூரம் உடனே புரியும்.

ஆனால் ஒன்று. அந்தக் காலத்துப் பிளேயர்களில் உழுது எடுத்த தட்டாக இருந்தால் எழுத்து இருந்தும் பயனில்லை. தேய்ந்த ஆர்.எல். தட்டைவிட, 2014இல் குழுவின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் வந்த மறுபதிப்பு காதுக்கு நல்லது. முதலீட்டுக்கு வாங்குகிறவர்கள் வேறு மாதிரி கணக்குப் போடலாம்.

‘காஷ்மீர்’ பாட்டைக் கிடாரில் வாசிக்கிறேன். சுருதியும் சேரவில்லை, தாளமும் நழுவுகிறது.
— எம்.ஆர்., கோவை

சாதாரண சுருதியில் வாசித்தால் சேராது. ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிவரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வர வேண்டும். அதாவது ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளை மட்டும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். இறக்கும்போது சுருதிக்குக் கீழே போய், பிறகு ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் நாலு தடவை மீட்டியதும் கம்பி இளகிவிடும். ஆறாவது கம்பி தொளதொளத்து அதிர்ந்தால் 0.011 செட் போடுங்கள்.

தாளத்தில் குழப்பம் வரக் காரணம், கிடார் மூன்றில் போகிறது, ஜான் போனமின் டிரம்ஸ் நாலில் போகிறது. கையால் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே, ஒரு தட்டுக்கு ஓர் எழுத்தாக வாயில் ‘த-கி-ட’ சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டாவது தட்டோடு இரண்டும் முடிந்து, அடுத்த ‘த’வும் கையின் முதல் தட்டும் ஒன்றாக விழும். திஸ்ரத்தைச் சதுஸ்ரத்தில் போட்டுப் பழகியவர்களுக்கு இது அரைமணி நேர வேலை. கிடார்காரர் காலால் டிரம்ஸைத் தொடரக் கூடாது; தன் மூன்றை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் வரிகளை எழுதியது மொராக்கோவின் தெற்குப் பகுதியில், பாலைவனச் சாலையில் போன பயணத்தை வைத்து.

அப்படியானால் இந்த இசைக்கும் இந்தியாவுக்கும் தொடர்பே இல்லையா?
— பி.ஏ., கோலாலம்பூர்

இருக்கிறது. 1969இல் வந்த முதல் ஆல்பத்தில் ‘பிளாக் மவுன்டன் சைட்’ கேளுங்கள்: தபலா வாசித்தவர் விராம் ஜசானி. 1972இல் பேஜும் பிளான்டும் பம்பாயில் அங்கத்திய கலைஞர்களோடு ‘ஃபிரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ இரண்டையும் பதிவு செய்தார்கள். 2015இல் ‘கோடா’ ஆல்பத்தின் விரிவான பதிப்பில்தான் அது முறையாக வெளிவந்தது.

மழைக்காலத்தில் தட்டுகளில் பூஞ்சை. எதால் துடைப்பது?
— ஜே.எல்., நாகர்கோவில்

ஒரு லிட்டருக்கு: காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., மணமில்லாத பாத்திரத் திரவம் இரண்டே சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பு தடத்தில் படிந்து சடசடக்கும். லேபிளை நனைக்காமல், மென்மையான பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடிநீரால் ஒருமுறை அலசி, நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். சோப்பை அலசாமல் விட்டால் ஊசிமுனையில் வெள்ளையாகப் பசை சேரும். பழைய 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் படவே கூடாது; அரக்கு கரைந்துவிடும். பூஞ்சை ஏறிய உள்ளுறைக்குள் தட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது உறையில் போட்டு, அச்சடித்த பழைய உறையைத் துடைத்து உலர்த்தித் தனியாக வையுங்கள்.

‘இன் த்ரூ தி அவுட் டோர்’ உள்ளுறையில் தண்ணீர் பட்டால் நிறம் வரும் என்கிறார்களே, உண்மையா?
— ஆர்.என்., திருச்சி

உண்மைதான். 1979இல் ஆறு வகை அட்டையில் வந்தது அந்த ஆல்பம். எது கிடைக்கிறது என்று தெரியாதபடி பழுப்புத் தாள் பைக்குள் போட்டு விற்றார்கள். உங்களுடையது எந்த வகை என்பதை அட்டையின் முதுகில் உள்ள எழுத்து சொல்லும். உள்ளுறையின் கறுப்பு வெள்ளைப் படத்தை நனைத்தால் நிறம் ஏறும், ஏறியது திரும்பாது. நனையாத உறை என்றால் அப்படியே விடுங்கள். ஏற்கெனவே யாரோ நனைத்திருந்தால், மிச்ச இடத்தை ஈரப் பிரஷ்ஷால் நீங்களே முடித்துவிடலாம். விலை போனது போனதுதான்.