எரிச்சலா, ஒவ்வாமையா? தோல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சீரம் பூசத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து முகம் எரிகிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. எனக்கு இது அலர்ஜி என்று எடுத்துக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் எரிச்சலைத்தான் காட்டுகின்றன. எரிச்சல் அளவைப் பொறுத்தது. பட்டாணி அளவுக்கு மேல் எடுத்து, தினமும், ஈரம் காயாத முகத்தில் பூசினால் யாருக்கும் வரலாம். பூசிய இடத்தைத் தாண்டாமல், அரிப்பைவிட எரிவு மேலோங்கி நிற்கும். நிறுத்தினால் சில நாட்களில் தணியும். தோல் ஆறிய பிறகு வாரம் இருமுறை, மாய்ஸ்சரைசருக்கு மேல் பூசிப் பாருங்கள். கர்ப்பிணிகள் ரெட்டினாலை அடியோடு தவிர்க்க வேண்டும்.

கேள்வி: அம்மா பல வருடங்களாக ஒரே ஹேர் டைதான் பூசுகிறார். இப்போது கண் இமை வீங்கி, காதோரம் நீர்க்கொப்புளமும் கடும் அரிப்பும் வந்துள்ளன. தலையில் ஒன்றுமில்லை. பழகிய டை எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

பதில்: பழகியதால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வாமை பிறவியிலேயே இருப்பதில்லை. பலமுறை பட்ட ஒரு வேதிப்பொருளை நோய் எதிர்ப்புச் செல்கள் ஏதோ ஒரு கட்டத்தில் எதிரியாகப் பதிவு செய்துகொள்கின்றன, அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் போதும். இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது, கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் உள்ள பாராஃபினிலின்டயமின் (பிபிடி). எதிர்வினை தோன்ற 24 முதல் 72 மணி நேரம் ஆகலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை பூசிய டைக்குச் செவ்வாய்க்கிழமை இமை வீங்கும். பழியோ திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மீது விழும். தலைத்தோல் தடிமனானது, இமைத்தோல் மெல்லியது. அதனால் பூசிய இடம் தப்பித்து, வழிந்த இடம் மாட்டிக்கொள்கிறது. 'அமோனியா இல்லாதது', 'ஹெர்பல்' என்ற வாசகங்களை நம்பி வேறு டைக்கு மாற வேண்டாம், அவற்றிலும் பிபிடி இருக்கக்கூடும். உடனடியாகக் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணிக் கோன்களும் அப்படித்தான். அசல் மருதாணி செம்பழுப்பாகவே பிடிக்கும். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும். முகம் முழுவதும் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வட்டமாக வெளுத்துவிட்டது. அரிப்பே இல்லை.

பதில்: பொட்டின் பசையில் சேரும் சில ஃபீனால் வகை வேதிப்பொருட்கள் தோலுக்கு நிறம் தரும் செல்களையே சிதைக்கக்கூடும், அதற்கு முன் அரிப்பு வந்தாக வேண்டும் என்பதில்லை. பொட்டை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் நிறம் திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு இயற்கையானதுதானே, முகத்தில் தடவலாமா?

பதில்: வேண்டாம். அதன் அமிலம் எரிச்சலூட்டும். தடவிக்கொண்டு வெயிலில் சென்றால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம்.

கேள்வி: புதிய கிரீமை வீட்டிலேயே சோதிக்க முடியுமா? லேபில் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தினம் இருமுறை, 7 முதல் 10 நாட்கள் தடவிப் பாருங்கள், ஒரே நாளில் ஒன்றும் வரவில்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. கழுவிவிடும் ஃபேஸ் வாஷுக்கும் ஹேர் டைக்கும் இந்த முறை பொருந்தாது. ரத்தப் பரிசோதனையில் இந்த வகை ஒவ்வாமை தெரியாது என்பதால், அதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்பதே என் கருத்து. தேவையானது பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் வேதிப்பொருட்கள் வைத்து முதுகில் ஒட்டும் பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஓரிரு நாட்கள் விட்டு மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. வியர்வையில் பட்டை கழன்றுவிடும் என்பதால் சித்திரை வெயிலில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் தந்த பீட்டாமெத்தசோன் கிரீமைப் பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. தொடரலாமா?

பதில்: அந்த ஸ்டீராய்டு எரிச்சலையும் அடக்கும், ஒவ்வாமையையும் அடக்கும், ஆகவே கிரீமுக்கு அடங்கியது என்பதை வைத்து இது எந்த வகை என்று முடிவு செய்ய இயலாது. முகத்தில் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கும், பருவும் வரும். எவ்வளவு காலமாகப் பூசுகிறீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். செல்லும்போது அந்த டியூபையும், நீங்கள் பயன்படுத்தும் சோப்பு, ஷாம்பு, கிரீம் ஆகியவற்றின் அட்டைப்பெட்டிகளையும், சேர்மானப் பட்டியல் கிழியாமல், எடுத்துச் செல்லுங்கள்.