பையனின் பாண்டுக்காகத் தோப்பை அடமானம் வைக்கலாமா?

வணக்கங்க அண்ணா. பையனுக்குச் சிக்கன விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை வந்திருக்கு, பாண்டுக்கும் (சில வருடத்துக்கு வேலையை விடமாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் ஒப்பந்தம்) பயிற்சிச் செலவுக்கும் பொள்ளாச்சித் தோப்பை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீங்க. நானும் அப்படியொரு நிறுவனத்தில் ஓட்டுகிறவன்தான். இப்போதைக்குத் தோப்பைத் தொடாதீங்க.

சம்பளத்தில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு பறக்கும் மணிக்கணக்கில் வருவது என்று முதலில் கேளுங்க. சீசன் இல்லாத மாதங்களில் அந்த இரண்டாவது பங்கு சுருங்கும், பேங்க் தவணை சுருங்காது. வேலையும் லேசில்லை: விடிகாலை விமானம் என்றால் இரண்டரைக்கே எழுந்து, ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்கி, இடையில் கிடைக்கும் அரைமணியில் எரிபொருளும் வானிலையும் பார்த்துக்கொண்டே காக்பிட்டில் உட்கார்ந்தபடி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். விமானப் போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024-இல் திருத்திய விதியால் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது, அது பெரிய விஷயம். ஆனால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்ற வரம்பு பறக்கும் நேரத்துக்குத்தான், ஏர்போர்ட்டில் காத்துக் கிடப்பது அதில் சேராது.

அப்புறம், கோயம்புத்தூரிலேயே போஸ்டிங் கிடைக்கும் என்று நம்பி வீடு பார்க்காதீங்க. டிஜிசிஏவின் 2017 விதிப்படி துணை விமானி வேலையிலிருந்து விலக ஆறு மாத நோட்டீஸ் வேறு. பாண்டுத் தொகை வருடா வருடம் குறைகிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டிக் கேட்டுட்டு இங்கேயே எழுதுங்க, நான் பார்க்கிறேன்.