சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடுபவர் கேட்கிறார்: கார்டிசெப்ஸ், ரெய்ஷி ஆகிய காளான்களின் மாத்திரைகள் தெம்பும் நோய் எதிர்ப்பும் தருமா?

ஓட்டத்துக்கு என்றால் கார்டிசெப்ஸ். ஆனால் இன்று விழுங்கி நாளை ஓடினால் எதுவும் தெரியாது. இளையவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கார்டிசெப்ஸ் அடங்கிய காளான் கலவையை நாளுக்கு 4 கிராம் கொடுத்தார்கள். உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டில் ஒரு வாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, 3 வாரத்தில் முன்னேற்றம். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அந்த அளவில் எட்டில் ஒரு பங்குதான்.

பணம் வீணாவது பெரும்பாலும் லேபிளில். 'மைசீலியம்' (காளானின் வேர் போன்ற இழைகள்) என்றிருந்தால், தானியத்தில் வளர்த்து அந்தத் தானியத்தோடே அரைத்ததாக இருக்கலாம். அதில் மாவுச்சத்துதான் மிகுதி. 'பாலிசாக்கரைடு (கூட்டுச் சர்க்கரை) 40%' என்பதில் அந்த மாவும் சேரும். காளானுக்கே உரிய நார்ச்சத்தான பீட்டா குளுக்கன் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சந்தேகமா? பொடியை வெந்நீரில் கலக்கி, ஆறியதும் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவு.

ரெய்ஷி என்பது சீன மருந்துக் கடைகளின் லிங்ஷிதான். சளி, காய்ச்சலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். 'சாகா' என்ற இன்னொரு காளானில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், மிகுந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

சிங்கப்பூரில் சீன மருந்துத் தயாரிப்புகள் விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். துணை உணவு மாத்திரைகளுக்கு அந்த முன் அனுமதி கிடையாது. ஆய்வகச் சான்று கேட்டு வாங்குங்கள்.