அணையைத் தூர்வாரினால் மட்டும் போதுமா?

கேள்வி: பவானிசாகர் அணையில் படிந்திருக்கும் வண்டலை அள்ளிவிட்டு, நீலகிரி மலை முழுக்க மரக்கன்றுகளை நட்டால், அணையின் கொள்ளளவும் மீளும், கோடையில் ஆறும் வற்றாது. இந்த எளிய வேலையைச் செய்ய அரசு ஏன் தயங்குகிறது?
– ஒரு பாசன விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வண்டலை அள்ள வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கோடையில் நீர் வடிந்த ஓரங்களில் எடுக்கும் வண்டல் வயலுக்கு நல்ல உரம். ஆனால் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்குள் இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அள்ளிக்கொண்டே இருந்தால், அள்ளிய பள்ளத்தை அடுத்தடுத்த மழைகள் நிரப்பிவிடும்.

அந்த மண்ணில் ஒரு பங்கு நீலகிரியின் மலைக்காய்கறித் தோட்டங்களின் மேல்மண். உருளைக்கிழங்குப் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால், சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் (நீண்ட மண்மேடு) பிடிப்பது அங்கே நெடுங்காலப் பழக்கம். பயிர் நிலத்தை மூடும் முன்பே கனமழை பிடித்துக்கொண்டால், இரண்டு பார்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி, முந்தின வாரம் இட்ட உரத்தையும் சேர்த்துக்கொண்டு செந்நிறமாக ஓடையில் இறங்குகிறது. குந்தா, குன்னூர் ஆறுகளின் வழியே பவானிக்கு வரும் கலங்கலில் அதுவும் உண்டு. மேல்மண் கரைந்த நிலம் மழையை உள்வாங்கும் திறனையும் இழந்துவிடுகிறது. பெய்த நீர் நிலத்துக்குள் இறங்கி மாதக்கணக்கில் கசிந்து வருவதற்குப் பதில், சில மணி நேரத்தில் வெள்ளமாக வழிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் பெருக்கு, மாசியில் வறட்சி என்ற இரண்டுக்கும் வேர் இந்த ஓர் இழப்பில் இருக்கிறது. மேலே உள்ள மின் அணைகளும் ஆற்றின் போக்கை மாற்றியிருக்கின்றன என்றாலும், மண் போவதற்கு அவை காரணமல்ல.

மரக்கன்று யோசனையில்தான் நான் உங்களோடு கண்டிப்பாக மாறுபடுகிறேன். நீலகிரியின் மேட்டுப்பகுதி இயல்பில் புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலைக்காடுமாக அமைந்தது. விறகுக்காக அங்கே கொண்டுவரப்பட்ட தைல மரம் அந்தப் புல்வெளிகளின் மேல் பரவியது. உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், உதகைக்கு அருகிலுள்ள க்ளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972இல் தைல மரம் நட்டு, ஆண்டுதோறும் ஓடைநீரை அளந்தது. முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பக்கத்தின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் அந்தக் குறைவு ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியது. கோடையின் மெல்லிய ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது. மழையை நிறுத்திவைக்கும் புல்லைப் பெயர்த்துவிட்டு, ஆழ வேர்விட்டு நீரை உறிஞ்சும் மரத்தை நடுவது உங்கள் வாய்க்காலுக்குச் செய்யும் உதவி ஆகாது. எங்கே நடுவது, எந்த மரத்தை நடுவது என்று சொல்லாமல் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கும் எந்தத் திட்டத்தையும் நாம் கைதட்டி வரவேற்கக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? சரிவுக்குக் குறுக்கே படிப்படியாகச் சமன்செய்த நிலமும், சமமட்ட வரப்பும், ஓரங்களில் புல்வரிசையும் மண்ணைப் பிடித்துவைக்கும் என்பது அந்த மலையிலேயே பல பத்தாண்டுகளாக மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. ஆனாலும் விவசாயி தயங்குகிறார். படி வெட்டினால் பயிரிடும் பரப்பில் ஒரு பகுதி போய்விடும். அடிமண் மேலே வருவதால் முதல் ஓரிரு போகத்தில் விளைச்சல் குறையும். ஒரு போகக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர், அடுத்த ஆண்டு வேறொருவர் உழப்போகும் நிலத்துக்கு எதற்காகத் தன் கைக்காசைப் போடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நிலத்தில் நிற்கும் மண்ணால் பயனடைவது கொடிவேரியிலும் கீழ்பவானியிலும் நீர் பாய்ச்சும் நீங்கள்தான்.

ஆகவே உங்கள் சங்கம் அடுத்த மனுவைக் கொடுக்கும்போது, தூர்வாரும் கோரிக்கைக்கு மேலே இன்னொன்றை எழுதுங்கள்: குந்தா, குன்னூர் நீர்ப்பிடிப்புகளில் படி வெட்டும் செலவையும், விளைச்சல் குறையும் போகங்களுக்கான ஈட்டுத்தொகையையும் அரசே ஏற்று, அதைக் குத்தகைதாரருக்கும் கிடைக்கும்படி வழங்க வேண்டும்.