பென்சில் குறிப்பை எங்கே ஏற்றுவது?

(பாலக்கோடு பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பாதிக் காலம் பேரேடும், மீதிக் காலம் கணினியுமாக இருந்து ஓய்வு பெற்ற செயலாளரின் பதில்கள்)

பால் பரிசோதனைக்குப் புது மெஷின் வாங்கினோம். ‘மெஷின் ஏமாத்துது’ என்று பாதி உறுப்பினர்கள் தனியார் வண்டிக்கு ஊற்றப் போய்விட்டார்கள். எவ்வளவு விளக்கினாலும் கேட்பதில்லை. என்ன செய்ய?
*பால் சங்கச் செயலாளர், அரூர்*

விளக்குவதை முதலில் நிறுத்துங்கள். முன்பு கொழுப்புப் பார்த்த பழைய கண்ணாடிக் குழாய்களைப் பரணில் போட்டிருப்பீர்கள், இறக்குங்கள்.

அந்தக் குழாயில் 10 மில்லி ஆசிட், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் துணி சுற்றாமல் பிடிக்க முடியாது, அப்படிச் சுடும். சுழற்றும் கருவியில் வைத்துச் சுற்றி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கொழுப்பு மட்டும் தனியாக மேலே நிற்கும். எழுத்துத் தெரியாத அம்மாகூட எட்டிப் பார்த்து, “போன வாரம் இன்னும் ஒரு கோடு மேல நின்னுச்சே” என்று சண்டைக்கு வருவார். மெஷினில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. பாலை உறிஞ்சுகிறது, 4.1 என்கிறது, அடுத்த ஆள் வா என்கிறது. அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்?

ஒரு மாதம், வாரம் இரண்டு நாள், சந்தேகப்படுகிறவரின் பாலை அவர் கண்ணெதிரே இரண்டிலும் போட்டுக் காட்டுங்கள். புள்ளி வித்தியாசம் வரத்தான் செய்யும். மெஷின் குழாயை ஒழுங்காகக் கழுவாத நாளில் கூடுதலாகவே வரும். அன்றைக்கு ‘மெஷின் தப்பு’ என்று உங்கள் வாயாலேயே முதலில் சொல்லிவிட வேண்டும். போனவர்களில் கொஞ்சம் பேர் அந்த ஒரு சொல்லுக்காகவே திரும்பி வருவார்கள். கொழுப்பு, இதர சத்து, விலை மூன்றும் அச்சடித்த சீட்டைக் கையில் கொடுங்கள். மாதம் முடிந்ததும் கண்ணாடிக் குழாயைப் பூட்டிவிடுங்கள். இரண்டையும் ஓடவிட்டால் எதில் கூட வருகிறதோ அதைத்தான் ஆள் கேட்பான். நானாக இருந்தாலும் கேட்பேன்.

அப்பாவின் புளி மண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். கணக்கைக் கணினிக்கு மாற்ற ஆசை. நாற்பது வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளை முகம் கொடுத்தே பேசுவதில்லை. அவரை அனுப்பவும் மனசு வரவில்லை.
*வாசகர், கிருஷ்ணகிரி*

அனுப்பிவிடாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் முனியப்பன் என்ற பெயரில் ஒன்பது உறுப்பினர்கள். அதில் இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவர் பேரேட்டில் ஒருவர் பக்கத்தில் ‘கிணத்துமேடு’ என்றும், இன்னொருவர் பக்கத்தில் ‘மில்லுக்காரர்’ என்றும் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். பேரேட்டைக் கணினியில் ஏற்ற டவுனிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். நல்ல வேகம். பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று திரையில் மூன்றே கட்டம். பென்சிலுக்குக் கட்டம் இல்லை. கூட்டிப் பார்த்தோம், பைசா பிசகாமல் டேலி ஆனது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து கிணத்துமேட்டுக்காரர் வந்தார். நகைக்கடன் வட்டியை ஒழுங்காகக் கட்டிய மனிதர். ஒரு கையில் ரசீது, மறு கையில் ஏல நோட்டீஸ். இரண்டையும் என் மேசையில் விரித்து வைத்துவிட்டு, “பணம் கட்டுனதும் நான், நோட்டீசும் எனக்குத்தானாங்க?” என்றார். அவர் கட்டியதெல்லாம் மில்லுக்காரர் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. ஒருவர் பணம் இன்னொருவர் பேருக்குப் போனால் மொத்தம் மாறாது, அதனால் டேலி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பழைய பேரேட்டைக் கட்டி வைத்திருந்த அறைச் சாவி என்னிடம் இருந்ததால் அன்று சாயங்காலமே சரிசெய்ய முடிந்தது. அந்தக் கட்டை எடைக்குப் போட்டிருந்தால்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் 63,000-ஐக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோதும் எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

உங்கள் கணக்குப்பிள்ளை தலையிலும் அப்படிப் பென்சில் குறிப்புகள் இருக்கும். யார் மரம் பூக்கும்போதே முன்பணம் வாங்குகிறவர், யார் சரக்கில் ஈரம் கழிக்க வேண்டும், யார் கொட்டைப் புளியாகவே போடுவார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி தனித்தனிக் கணக்கு கேட்பார்கள். பதினைந்து நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேர் பேராக “இவர் யாருங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். மூட்டை இறக்குகிறவர்கள் பார்க்க அவரை மௌஸ் பிடிக்க வைக்காதீர்கள். வரத்து உள்ள தை முதல் சித்திரை வரை எதையும் மாற்ற வேண்டாம், ஆடியில் ஆரம்பியுங்கள். எந்த மென்பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தால் எதுவானாலும் வாங்குங்கள்.

பாட்டிக்கு ரேஷன் கடையில் ரேகை விழவில்லை. பழைய கார்டே தேவலை அல்லவா?
*வாசகி, மாரண்டஅள்ளி*

புளி கொட்டை எடுத்த கையாக இருக்கும். தேய்ந்துதான் போகும்.

ஆனால் பழைய கார்டை ரொம்பப் புகழாதீர்கள். வாங்காத சர்க்கரையை ‘வாங்கியாச்சு’ என்று எழுதினால் உங்கள் பாட்டிக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு போனுக்கு மெசேஜ் வருகிறது. கார்டில் பெயருள்ள வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம். கருவிழி பார்க்கும் கருவி உங்கள் கடைக்கு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டி தனியாக இருந்தால், வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. வாய் வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்துவிடாமல் எழுதிக் கொடுங்கள்.

நாடு முழுக்க ஒரே நாளில் மாறியது எதாவது உண்டா?
*கல்லூரி மாணவர், ஊத்தங்கரை*

1957 ஏப்ரல் 1. ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. அதுவும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை, பழைய காசும் கொஞ்ச காலம் கூடவே ஓடியது. நாலணா 25, எட்டணா 50, பிசகில்லை. ஓரணாவோ ஆறேகால். கடையில் ஆறு என்று எடுத்துக்கொண்டார்கள். ஓரணா ஓரணாவாகச் செலவு செய்கிறவருக்குத்தான் அந்தக் கால் பைசா கணக்கு. ரூபாய் நோட்டுக்காரர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். சந்தையில் கடைக்காரரோடு இதற்காக மல்லுக்கட்டியதை எங்கள் அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

25 காசு செல்லாமல் போனது 2011 ஜூன் 30-ல். எங்கள் சங்கக் கல்லாவில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கிடந்தது. கெடுவுக்கு முன்பே வங்கியில் கொடுத்து மாற்றிவிட்டேன். நாலு காசை மட்டும் என் கைப்பணம் ஒரு ரூபாய் போட்டு எடுத்துக்கொண்டேன். வவுச்சர் எழுதித்தான்.