முதல் சோவியத் ஜெட்டுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சோவியத்தின் முதல் ஜெட் போர் விமானம் மிக்-9ஆ, யாக்-15ஆ?

இரண்டும் ஒரே நாளில், 1946 ஏப்ரல் 24 அன்று பறந்தன, முந்தியது மிக்-9. அதை ஓட்டிய அலெக்சேய் கிரின்சிக், அந்த ஜூலையிலேயே மிக்-9 விழுந்து இறந்துபோனார். தேதியை மனப்பாடமாகச் சொல்பவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: யாக்-15 பழைய விமானத்தில் ஜெட் எஞ்சினை மாட்டியதுதானாமே?

ஆமாம், அதற்காகக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. யாக்-3இன் மூக்கிலிருந்த பிஸ்டன் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜெர்மனியின் யூமோ 004ஐ வைத்தார்கள். எஞ்சின் முன்னால் இருந்ததால் கொதிக்கும் புகை விமானியின் காலுக்கடியில் சீறியது. அடிவயிற்றுக்கு வெப்பம் தாங்கும் எஃகுத் தகடு போட்டார்கள். வால் சக்கரத்தைப் பாருங்கள்: ரப்பரே கிடையாது, முழுக்க எஃகு. அந்தச் சூட்டில் டயர் உருகிவிடும். மற்றபடி யாக்-3 ஓட்டிய விமானிக்கு எல்லாம் பழகிய இடம். படையை ஜெட்டுக்குப் பழக்க இதைவிட நல்ல வழி அன்று இல்லை.

கேள்வி: சுட்டால் மிக்-9 எஞ்சின் அணைந்துவிடுமா?

உயரத்தில் அணைந்ததுண்டு. 37 மி.மீ. பீரங்கியின் குழாய் காற்று நுழையும் வாய்க்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. வெடிப்புகையை எஞ்சின் விழுங்கிவிடும்.

கேள்வி: மிக்-15 ஜெர்மனியின் டா 183இன் நகல்தானே?

இல்லை. டா 183 ஒருநாளும் பறக்கவில்லை. அதன் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும். மிக்-15இல் அதற்குக் கீழே. பின்சாய்ந்த இறக்கை பற்றிய ஜெர்மன் ஆய்வுகள் உதவின என்பது உண்மை. ஆனால் விமானத்தை நிமிர்த்தியது எஞ்சின். யூமோவின் உந்துவிசை சுமார் 900 கிலோ. 1946இல் பிரிட்டனின் அட்லி அரசு விற்க ஒப்புக்கொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் நீன் தந்தது சுமார் 2,270 கிலோ! அதைப் பார்த்து ஆர்டி-45 என்ற எஞ்சினைச் செய்தார்கள். 1947 டிசம்பர் 30இல் மிக்-15இன் முதல் மாதிரி பறந்தது. எஞ்சின் இரவல், விமானம் மிகோயன், குரேவிச் குழுவினுடையது.

கேள்வி: சொந்த எஞ்சினே செய்யவில்லையா?

செய்தார் ஆர்க்கிப் லியூல்கா. போர் குறுக்கிட்டதால் தாமதமாகி, அவருடைய டிஆர்-1 1947இல்தான் பறந்தது. தஞ்சாவூர் தளத்திலிருந்து கிளம்பும் சுகோய்-30இன் எஞ்சின் ஏஎல்-31 வகை. அந்த ஏஎல், ஆர்க்கிப் லியூல்காவின் முதலெழுத்துகள்.