ஸ்பானிஷ் உயிர் ஒலிகள்: சிக்கல் வாயின் நகர்வில்தான்

ஆங்கிலத்திலேயே வளர்ந்ததால் ஸ்பானிஷில் ‘நோ’ என்று சொன்னாலே ஆசிரியர் திருத்துகிறார், ஆனால் என்ன தப்பு என்று காதில் விழவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

கண்ணாடி முன் நின்று ஆங்கில ‘நோ’வைச் சொல்லிப் பாருங்கள். முடியும்போது உதடு இன்னும் குவியும், கடைசியில் ஒரு ‘உ’ ஒட்டிக்கொள்ளும். ஸ்பானிஷில் அந்த நகர்வு கிடையாது. வாய் எங்கே தொடங்கியதோ அங்கேயே நிற்க வேண்டும், ஒலியும் சட்டென்று நின்றுவிட வேண்டும். ‘எ’யும் அப்படித்தான். அது ‘எய்’ என்று நழுவினால் சில சொற்களில் பொருளே மாறிவிடும்: ‘பெனா’ என்றால் துயரம், ‘பெய்னா’ என்றால் தலை வாருகிறாள். ‘ரெனோ’ கலைமான், ‘ரெய்னோ’ ராஜ்யம். இந்த ஜோடிகளை மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். காது பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அப்புறம், ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிர் மங்கிப்போகும். ‘பனானா’வின் முதல், கடைசி ‘அ’க்கள் அப்படி. ஸ்பானிஷ் ‘மஞானா’வில் (நாளை) மூன்றும் தெளிவான ‘அ’தான், நடுவில் அழுத்தம் மட்டும் கூடும். என் கணிப்பில் வெளிநாட்டு வாடையைக் காட்டிக்கொடுப்பது ‘நோ’வைவிட இதுதான்.

தமிழ் பேசுவீர்கள் என்றால் ‘எ’, ‘ஒ’ நழுவாமல் சொல்வது உங்களுக்கு ஏற்கெனவே வரும். ஆனால் பேச்சில் ‘எ’வை ‘யெ’ ஆக்கும் பழக்கமும், சொல் கடைசி ‘உ’வை உதடு குவிக்காமல் விடும் பழக்கமும் கூடவே வந்துவிடும். ஸ்பானிஷ் ‘எல்’ (ஆங்கில ‘the’ போன்றது), ‘த்ரிபு’ (பழங்குடி) இரண்டிலும் கவனமாக இருங்கள்.